நகல் யாரிடம் இருக்கிறது?

பெங்களூரு சிவாஜிநகரின் பழங்கதையைத் தேடுகிறவர் பாதி வழியிலேயே லண்டனுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில், சென்னை மாகாணத்துக்கென்று ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவுகள் தனி வரிசையாக இருக்கின்றன. 1698-இல் தொடங்கும் அந்த வரிசையில் பெங்களூரு கண்டோன்மென்ட்டின் படைக் குருமார் அனுப்பிவைத்த தாள்களும் உண்டு. 1809-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆங்கிலேயப் படை அல்சூர்ப் பக்கம் இடம்பெயர்ந்தது. படையின் பின்னாலேயே வட ஆற்காட்டிலிருந்தும் சென்னைப் பக்கத்திலிருந்தும் சிப்பாய்கள், கொத்தனார்கள், வண்டிக்காரர்கள், சமையற்காரர்கள், முதலியார் வணிகர்கள் என்று தமிழ்க் குடும்பங்கள் வந்து இறங்கின. அவர்களில் பெரும்பகுதியினர் குடியேறிய பிளாக்பள்ளிதான் இன்றைய சிவாஜிநகர். அந்தக் காலத்தில் இங்கே பிறந்த ஒரு ஆங்கிலேயச் சிப்பாயின் பிள்ளைக்கு எந்தத் தேதியில் பெயர் வைத்தார்கள் என்பதை ஆஸ்திரேலியாவில் இருக்கும் அதன் வாரிசு இன்று எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம். அதே தெருவில் அதே மாதம் பிறந்த கொத்தனார் வீட்டுப் பிள்ளையைப் பற்றித் தேடினால், ஒரே ஒரு தேவாலயத்தின் ஒரே ஒரு புத்தகம் கறையானுக்குத் தப்பியதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒருவர் பதிவை அக்கறையோடு பூட்டி வைத்தார்கள், மற்றவர் பதிவை அலட்சியமாக விட்டார்கள் என்று இந்த வித்தியாசத்துக்குக் காரணம் சொல்ல முடியாது. பிளாக்பள்ளியின் பாதிரியாரும் தம் புத்தகத்தைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். படைக் குருமாரோ தம் பதிவேட்டிலிருந்து குறித்த காலத்துக்கு ஒரு முறை படி எடுத்து மேலிடத்துக்கு அனுப்பியாக வேண்டும். மேலிடம் அதை லண்டனுக்கு அனுப்பியாக வேண்டும். விதி அப்படி. அவர் விரும்பினாரா, சலித்துக்கொண்டாரா என்பது பொருட்டே அல்ல. பத்திரமாகப் பூட்டி வைத்ததால் பிழைத்த ஆவணங்கள் குறைவு, வழக்கத்தின் காரணமாக வேறொருவர் கைக்குப் போய்ச் சேர்ந்த நகலால் பிழைத்தவையே அதிகம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். கண்டோன்மென்ட்டின் பதிவேடுகளுக்கு இது எவ்வளவு பொருந்துமோ, இன்று நம் சர்வர்களை இயக்கும் கான்ஃபிக் கோப்புகளுக்கும் அவ்வளவு பொருந்தும். இரண்டையும் ஒரே கட்டுரையில் பேசுவதற்குக் காரணம், இரண்டும் தொலையும் விதம் ஒன்று என்பதுதான்.

கான்ஃபிக் கோப்பு, அதாவது அமைப்புக் கோப்பு, என்பது எழுதி முடித்த கடிதமோ எடுத்த புகைப்படமோ போன்றதல்ல. யார் உள்ளே வரலாம், எந்த வட்டு எங்கே இணையும், எந்தக் கதவு திறந்திருக்கும், எது எந்த வரிசையில் தொடங்கும் என்பவற்றைச் சொல்லும் சில நூறு வரிகள் அவை. அளவில் மிகச் சிறியவை. ஆனால் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஏதோ ஒரு நாள் ராத்திரி வந்த தொல்லையும், அதைத் தீர்க்க ஒருவர் எடுத்த முடிவும் இருக்கும். மென்பொருளைத் திரும்ப நிறுவலாம், இயந்திரத்தையே புதிதாக வாங்கலாம். அந்த முடிவுகளைக் கடையில் வாங்க முடியாது. ஒரு ஊருக்கும் இப்படிப்பட்ட வரிகள் உண்டு: எல்லை எதுவரை, ஏரித் தண்ணீர் யாருக்கு எந்த முறை, சந்தையில் எந்தக் கடை யார் பொறுப்பில், எந்த நிலம் யாருக்கு இறையிலி. வீடுகளும் தெருவும் அப்படியே இருக்க, இந்த வரிகள் மட்டும் தொலைந்துபோகும். தொலைந்தது உடனே தெரிவதும் இல்லை. வழக்கு வரும்போதோ, பழையபடி திரும்ப அமைக்க வேண்டி வரும்போதோதான் தெரியும்.

நகல் எடுத்து அனுப்பும் வழக்கம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடல் கற்றுக்கொடுத்தது. கப்பல் முழுகும், எதிரி பிடிப்பான், புயலில் திசைமாறும். ஆகவே ஒரே கடிதத்தை இரண்டு மூன்று படிகளாக எழுதி வெவ்வேறு கப்பல்களில் ஏற்றினார்கள். சென்னைக் கோட்டையில் நடந்த ஆலோசனைகளின் குறிப்புகளும் அப்படியே படியெடுத்து லண்டனுக்குப் போயின. கம்பெனி அலுவலகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்த ஜான் ஸ்டூவர்ட் மில் 1852-இல் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னபோது, இந்திய நிர்வாகம் முழுவதும் எழுத்திலேயே நடக்கிறது என்பதை அதன் பெரிய பலமாக எடுத்துச் சொன்னார். மைசூர் அரசை 1831 முதல் கமிஷனர்கள் நேரடியாக நடத்திய ஐம்பது ஆண்டுகளில் இந்த எழுத்து மலைபோல் குவிந்தது. 1868-இல் ஆற்காடு நாராயணசாமி முதலியார் கட்டிக்கொடுத்த அட்டாரா கச்சேரி, பதினெட்டு இலாகாக்களை அவற்றின் தாள்களோடு ஒரே கூரையின் கீழ் கொண்டுவரத்தான் எழுந்தது. கண்டோன்மென்ட்டின் பெரிய தமிழ் ஒப்பந்ததாரர் கட்டிய அந்தக் கட்டடத்துக்குள் கண்டோன்மென்ட் தமிழர்களைப் பற்றிய எழுத்து எவ்வளவு இருந்திருக்கும் என்பது வேறு கேள்வி. வரி, குற்றம், சுகாதாரம் ஆகிய மூன்று வாசல் வழியாக மட்டுமே அவர்கள் அந்தத் தாள்களுக்குள் நுழைந்தார்கள்.

இங்கேதான் முதல் மறுப்பு எழும். காலனி அரசு நகல் எடுத்தது கண்காணிக்கவும் வசூலிக்கவும்தானே, அந்த வழக்கத்தைப் போற்றலாமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. நோக்கம் போற்றத்தக்கதல்ல என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த நோக்கமே என் வாதத்துக்குச் சான்றாகிறது. எதை நகலெடுப்பது என்பதை அதிகாரம் தீர்மானித்ததால், அதிகாரத்துக்குத் தேவைப்படாதது ஒற்றைப் பிரதியாகவே நின்று அழிந்தது. வணிகர்களின் கணக்கு நோட்டுகள், சாதிப் பஞ்சாயத்தின் தீர்ப்புகள், கோயில் திருவிழாவில் எந்தத் தெருவுக்கு என்ன முறை என்ற ஒழுங்கு, தொழிலாளர் சங்கங்களின் கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றை எந்த அலுவலகமும் படியெடுக்கச் சொல்லவில்லை. சிவாஜிநகரின் தமிழ் வரலாற்றில் இன்று எங்கெல்லாம் ஓட்டை விழுந்திருக்கிறதோ, அங்கெல்லாம் படியெடுக்கும் விதி எட்டவில்லை. தீமைக்குப் பயன்பட்ட வழக்கத்தைத் தள்ளிவைப்பதைவிட, அது யாரை விட்டுவிட்டதோ அவர்களிடம் அதைக் கொண்டுசேர்ப்பதே நியாயம்.

கத்தோலிக்கத் திருச்சபை அதைக் காலம் தாழ்த்திச் செய்தது. சிவாஜிநகரின் மரியன்னை தேவாலயத்தில் 1882 செப்டம்பர் 8-இல் அர்ச்சிக்கப்பட்ட கோதிக் கட்டடம்தான் இன்று நாம் பார்ப்பது. அதற்கு முன் அங்கே சிறிய கோயில் இருந்தது. அந்தப் பங்கின் மக்களில் தமிழர் பெரும்பகுதி. 1917-இல் ரோம் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஒவ்வொரு பங்குக் குருவும் ஆண்டு முடிவில் தம் பதிவேடுகளின் உண்மைப் படி ஒன்றை ஆயர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதித்தது. சிப்பாயின் பிள்ளைக்கு நெடுங்காலமாகக் கிடைத்திருந்த காப்பு கொத்தனாரின் பிள்ளைக்கும் எழுத்தளவிலாவது அப்போதுதான் கிடைத்தது. அதே சட்டத்தில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. நுட்பத்தில் இதைவிடச் சிறந்தது என்றே நினைக்கிறேன். ஒருவருக்கு எங்கே திருமணம் நடந்தாலும், செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குப் போகும். அங்கே அவருடைய பெயருக்கு எதிரே ஓரத்தில் குறிக்கப்படும். வேலூரில் பெயர் பெற்று பிளாக்பள்ளியில் மணந்தவரின் திருமணப் புத்தகம் இங்கே எரிந்துபோனாலும், அங்கே ஓரக் குறிப்பு நிற்கும். யாரும் தனியாகப் பேக்கப் எடுக்காமலே, வேலை நடக்கிற போக்கில் இரண்டாவது சான்று இன்னொரு ஊரில் உருவாகிவிடுகிறது. 1983-இல் வந்த புதிய தொகுப்பில் ஓரக் குறிப்பு தொடர்ந்தது. ஆண்டுதோறும் படி அனுப்பும் பொதுவிதி இடம்பெறவில்லை. போட்டோகாப்பி மலிந்த காலத்தில் அந்த விதி தேவையற்றதாகத் தோன்றியிருக்கலாம். படியெடுப்பது சுலபமாகும்போதுதான் படியெடுக்கும் கடமை நழுவுகிறது என்பதைக் கணினி உலகமும் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது.

இது ஏதோ ஐரோப்பாவிலிருந்து வந்த பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். பிளாக்பள்ளிக்குக் குடியேறிய பலரின் பூர்வீகமான வட ஆற்காட்டில், பொன்னையாற்றங்கரைத் திருவல்லத்தில், ஒரு கல்வெட்டு இருக்கிறது. கோயிலின் மண்டபத்தைப் பிரித்துத் திரும்பக் கட்டுவதற்கு முன்னால் அங்கிருந்த கல்வெட்டின் படி இது என்று அது தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்கிறது. சோழர் காலத்தில் செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவலில் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோதும் பழைய சாசனங்கள் படியெடுக்கப்பட்டு புதிய சுவரில் வெட்டப்பட்டன; அவற்றைப் பழங்கற்படி என்றே குறித்தார்கள். கோயிலின் நிலம், விளக்கெரிக்கும் நெய்க்கான ஆடுகள், பூசைக்கான நெல் எல்லாம் அந்தச் சாசன வரிகளை நம்பியே நடந்தன. கட்டடத்தை மாற்றும்போது முதல் வேலையாக அவ்வரிகளை எடுத்துவைக்க வேண்டும், பிறகு புதிய இடத்தில் ஏற்ற வேண்டும், ஏற்றியது படிதான் என்று ஒளிக்காமல் எழுத வேண்டும். பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாறுகிற நிர்வாகி செய்ய வேண்டியதும் இந்த மூன்றுதான்.

சிவாஜிநகரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தொம்லூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளும் இதே பாடத்தைச் சொல்கின்றன. கண்டோன்மென்ட் வருவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பக்கத்தில் தமிழில் எழுதி நிர்வாகம் நடந்தது என்பதற்கு அவை சாட்சி. ஊரின் பெயர் அவற்றில் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வருகிறது. பி. எல். ரைஸ் தொகுத்த 'எபிகிராஃபியா கர்னாடிகா' வரிசையின் ஒன்பதாம் தொகுதி, பெங்களூரு மாவட்டக் கல்வெட்டுகளை 1905-இல் அச்சிட்டது. அதன் பிறகு நகரம் வீங்கியதில் பல கற்கள் அஸ்திவாரத்துக்குள்ளும் சாலைக்கு அடியிலும் போய்விட்டன. கல் போனாலும் வாசகம் புத்தகத்தில் இருக்கிறது. கல்லைப்போல் நிலையானது எது என்று கேட்டால் காகிதம் என்று பதில் சொல்ல வேண்டிய விசித்திர நிலை இது. கல் ஒன்றுதான், அச்சுப்படிகளோ பல நூலகங்களில் சிதறிக் கிடக்கின்றன. 2021 முதல் பெங்களூருவின் மிதிக் சொசைட்டி எஞ்சியிருக்கும் கற்களை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்துவருகிறது. ரைஸ் எழுத்தைக் காப்பாற்றினார், இவர்கள் கல்லின் உருவத்தையும் சேர்த்துக் காப்பாற்றுகிறார்கள்.

கணினிக்கு வருவோம். 1986-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு வாக்ஸ் கணினியில், நிர்வாகி அதிகாரத்தோடு இருந்த ஒருவர் தவறான இடத்தில் நின்று எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். நேரம் அதிகமாவதைக் கண்டு அவர் நிறுத்துவதற்குள், யூனிக்ஸின் அடிப்படைக் கட்டளைகளும் அமைப்புக் கோப்புகள் அனைத்தும் வாழும் 'எட்ஸி' அடைவும் போய்விட்டன. மாரியோ வோல்ச்கோ எழுதிவைத்த இந்தச் சம்பவம் இன்றுவரை நிர்வாகிகள் படிக்கும் பாடம். அவர்கள் செய்த முதல் நல்ல காரியம், இயந்திரத்தை அணைக்காமல் விட்டது. அணைத்திருந்தால் அது திரும்ப எழுந்திருக்காது. நினைவகத்தில் ஓடிக்கொண்டிருந்த ஈமேக்ஸ் என்ற எழுதுகருவி மட்டும் உயிரோடிருந்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு வாக்ஸில் ஒரு சிறு நிரலை உருவாக்கி, அதன் எண்களைக் கையாலேயே இதில் தட்டச்சு செய்து, தொலைந்த அடைவுக்கு ஒரு இடம் உண்டாக்கி, அங்கிருந்து படிப்படியாக மீட்டார்கள். அவர்களுடைய சாமர்த்தியத்தைப் புகழாதவர் இல்லை. ஆனால் அதே வகைக் கணினி ஒன்று பக்கத்தில் இல்லாமலிருந்தால் அந்தச் சாமர்த்தியத்துக்கு வேலையே இருந்திருக்காது. அவர்களையும் இன்னொரு கையில் இருந்த பிரதிதான் காப்பாற்றியது.

மீட்பைப் பற்றி நிர்வாகிகள் அறிந்ததெல்லாம் இந்தக் கதைக்குள் அடக்கம். கோப்பு வட்டில் அழிந்தாலும், அதைப் படித்து ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள் அதன் சாரம் இருக்கும். சிஸ்கோ ரவுட்டரில் சேமித்த அமைப்பு வேறு, ஓடும் அமைப்பு வேறு. முன்னது போனாலும் மின்சாரம் இருக்கும்வரை பின்னதைக் கேட்டு வாங்கிச் சேமித்துக்கொள்ளலாம். லினக்ஸ் கெர்னலைக் கட்டும்போதே அதன் அமைப்பை அதற்குள் பொதிந்துவைக்கும் ஏற்பாடு உண்டு. பொதிந்திருந்தால், மூலக் கோப்பைத் தொலைத்தவர் ஓடும் கெர்னலிடமிருந்தே அதைத் திரும்பப் பெறலாம். டெபியன் நெடுங்காலம் தன் பயனர் பட்டியலின் படி ஒன்றைத் தானாகவே வேறு அடைவில் வைத்துவந்தது. மென்பொருளோடு வந்த ஆரம்பக் கோப்புகள், அதைத் திரும்ப நிறுவினால் வந்துவிடும். வராதது நாமே திருத்திய வரிகள்தான்; மதிப்புள்ளவையும் அவைதான். அவற்றுக்காகத்தான் ஒரு நீண்ட மரபு வளர்ந்தது. 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் எழுதிய எஸ்சிசிஎஸ், 1982-இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிஷி உருவாக்கிய ஆர்சிஎஸ் ஆகியவை ஒரு கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும், யார் எப்போது எதற்காகச் செய்தார் என்ற குறிப்போடு சேர்த்துவைத்தன. ஞானஸ்நானப் புத்தகத்தின் ஓரக் குறிப்பு செய்ததையே இவையும் செய்தன. 2007-இல் ஜோயி ஹெஸ் எழுதிய எட்ஸிகீப்பர் அந்தக் கடமையை மனித ஞாபகத்திலிருந்தே விடுவித்தது. மென்பொருள் நிறுவப்படும் ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் அமைப்புக் கோப்புகளைத் தானே பதிவு செய்துகொள்கிறது. அதுவும் அதே வட்டில்தான் பதிகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வட்டு போனால் வரலாறும் சேர்ந்து போகும். இன்னொரு இயந்திரத்துக்கு அனுப்பும் ஒரு வரியைச் சேர்க்காதவரை, அது பூட்டிய அலமாரிதான், லண்டனுக்குப் போன படி அல்ல.

இதற்கும் ஒருபடி மேலே போனவர் மார்க் பர்ஜஸ். ஆஸ்லோவில் 1993-இல் அவர் தொடங்கிய சிஎஃப்எஞ்சின், இயந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்பதை வெளியே ஒரு இடத்தில் எழுதிவைத்து, இயந்திரம் அதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும்படி செய்தது. அதாவது வெளியே இருப்பதே மூலம், இயந்திரத்தில் இருப்பது படி. ஒரு தவறான வரி எழுதினால் நூறு இயந்திரங்களுக்கும் ஒரே நேரத்தில் அது பரவிவிடுமே என்பது இதற்குச் சொல்லப்படும் மறுப்பு. பரவும்தான். பழங்காலத்துப் படிகளுக்கும் இந்த நோய் உண்டு. ஓலையை ஓலையாகப் பெயர்த்தெழுதியவர்கள் பிழையையும் பெயர்த்தார்கள், போலிச் செப்பேடுகளும் இப்படித்தான் உருவாயின. படியே வேண்டாம் என்பது இந்த நோய்க்கு மருந்தாகாது. எதிலிருந்து எடுத்த படி, எந்தத் தேதியில், யார் கையால் என்று ஒவ்வொரு படியிலும் இருந்தால் பிழை எங்கே நுழைந்தது என்று பின்னோக்கி நடந்து கண்டுபிடிக்கலாம். பழங்கற்படி என்று தன்னை அறிவித்துக்கொண்ட கல்வெட்டு அந்த நேர்மையைத்தான் காட்டியது.

எல்லாம் கிளவுடில் தானாகவே பேக்கப் ஆகிறதே, இனி எதற்கு இந்தக் கவலை என்று கேட்பவர்களுக்கு 2017 ஜனவரி 31-ஐ நினைவூட்டலாம். உலகின் நிரலர்களுக்குப் படியெடுக்கும் வசதியை விற்பதையே தொழிலாகக் கொண்ட கிட்லேப் நிறுவனத்தில், களைத்துப்போன ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தள அடைவை அழித்தார். பல வகைப் பேக்கப்கள் இருப்பதாக நம்பியிருந்தார்கள். அன்றாடப் படி, மென்பொருள் பதிப்புகள் பொருந்தாததால் உருவாகவே இல்லை. அது தவறுகிறது என்று எச்சரித்த மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்துவைத்திருந்த ஒரு படிதான் கடைசியில் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் சேர்ந்த சுமார் 5,000 திட்டங்களின் தகவல்கள் மீளவில்லை. அந்த நிறுவனம் நடந்ததை மறைக்காமல் பொதுவில் எழுதியது மதிக்கத்தக்கது. படி இருக்கிறதா என்று கேட்பது போதாது, அதைத் திறந்து கடைசியாகப் படித்தது யார் என்றும் கேட்க வேண்டும். லண்டனுக்குப் போன கடிதப் படிகள் பயன்பட்டதற்கு ஒரு காரணம், அங்கே அவற்றைப் படித்து, குறை கண்டால் திருப்பிக் கேட்க ஆட்கள் இருந்ததுதான்.

ரகசியம் பற்றிய மறுப்பே எல்லாவற்றிலும் கனமானது. வேறொருவர் கையில் படி இருந்தால், நம் ரகசியமும் அவர் கையில்தானே? அமைப்புக் கோப்புகளில் கடவுச்சொற்கள் இருக்கும். அவற்றைப் பொது இடத்தில் ஏற்றிவிட்டு வருந்தியவர்கள் ஏராளம். காகித ஆவணங்களுக்கும் இதே சிக்கல் உண்டு: 1947-இல் ஆங்கிலேயர் வெளியேறும் முன் சர் கான்ராட் கார்ஃபீல்டின் அரசியல் இலாகா, சுதேச மன்னர்களின் அந்தரங்கம் பற்றி, ரெசிடென்சி எனப்பட்ட ஆங்கிலேயப் பிரதிநிதி அலுவலகங்களில் இருந்த கோப்புகளை டன் கணக்கில் எரித்தது. யாருடைய மானத்தைக் காக்க என்ற கேள்வி அன்றே எழுந்தது. மைசூர் ரெசிடென்சியின் தாள்களில் தப்பியவை இன்று டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ரகசியத்தையும் ஒழுங்கையும் ஒரே கட்டில் சேர்த்துக் கட்டியதுதான் அங்கே நடந்த பிழை. இருந்தால் ஆபத்து, எரித்தால் நஷ்டம் என்ற நிலை அந்தக் கட்டினால் வந்தது. கடவுச்சொல்லைத் தனியாக மறையாக்கம் செய்து வைத்துவிட்டு மற்ற வரிகளைத் தாராளமாகப் பகிரலாம். இன்றைய நிர்வாகிகள் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு மன்னரின் அந்தரங்கக் கடிதமும் ஒரு தெருவின் எல்லைப் பட்டியலும் ஒரே அலமாரியில் இருக்க வேண்டிய அவசியம் எப்போதும் இருந்ததில்லை.

சிவாஜிநகரின் நிர்வாகம் கைமாறியதும் ஒரு முறையல்ல. 1881-இல் மைசூர் மன்னரிடம் அரசு திரும்பியபோது கண்டோன்மென்ட் மட்டும் சிவில் மிலிட்டரி ஸ்டேஷன் என்ற பெயரில் ரெசிடென்ட்டின் கையில் நின்றது. அடுத்த அறுபத்தாறு ஆண்டுகள் ஒரே ஊரில் இரண்டு சட்டம், இரண்டு நகராட்சி. 1947 ஜூலையில் அது மைசூருக்குத் திரும்பியது. 1949-இல் இரண்டு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின. 2007-இல் சுற்றுப்புற நகராட்சிகளையும் விழுங்கி அது பெருநகர மாநகராட்சியானது. 2025 செப்டம்பரில் அதுவே ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. சிவாஜிநகர் இப்போது மத்திய மாநகராட்சிக்குள். மாநகராட்சிக்குச் சொந்தமான ரஸ்ஸல் மார்க்கெட் 1927-இல் எழுந்த கட்டடம். 2012 பிப்ரவரியில் அதன் கடைகள் தீப்பிடித்து எரிந்தன. ஒரு கடை யாருடையது, வாடகை எவ்வளவு, உரிமை யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதன் ஒரே சான்று அந்தக் கடைக்குள்ளேயே இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்தத் தீ எல்லோருக்கும் காட்டியது. ஐந்தாகப் பிரிந்த மாநகராட்சிகளின் அலுவலர்கள் வரைபடங்களையும் சொத்துப் பதிவேடுகளையும் கடை உரிமைப் பட்டியல்களையும் பங்கிட்டுக்கொள்ளும் காலம் இது. பிரித்த பகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு படியை மாநில ஆவணக் காப்பகம் கேட்டு வாங்கலாம். வாங்கியதை ஒரு முறை திறந்து, மூலத்தோடு ஒப்பிட்டு, தேதி போட்டுக் கையெழுத்திடலாம். வணிகர் சங்கங்களும் பங்குக் குழுக்களும் மசூதி, கோயில் நிர்வாகங்களும் தங்கள் பட்டியல்களின் படியை இன்னொரு ஊரில் இருக்கும் தம்மவரிடம் ஆண்டுக்கு ஒரு முறை அனுப்பலாம். இன்றைக்கு அதற்குக் கப்பல் வேண்டாம், ஒரு மாலைப்பொழுது போதும்.